ஆறு சூளைகளும் ஒரு நீக்க அறிவிப்பும்

2024 அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சினேன். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்க்கும் என் கணவருக்கு இட்லி கட்டிக் கொடுத்து, அவர் ஜங்ஷனுக்குக் கிளம்பியதும் கொடியில் துணி போட்டேன். பிறகு கணினி முன்னால் உட்கார்ந்தேன். அன்று கடித நாள்.

கடித நாள் என்றால் என்னவென்று, இப்போது கடிதத்தை நடத்தும் உங்கள் மூவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ஓய்வு பெற்றதிலிருந்து அந்தச் செவ்வாய்க்கிழமைகள் உங்கள் தலையில்தான் விழுகின்றன. ஆனால் உங்களுக்குப் பின்னாலும் யாராவது வருவார்கள். அவர்கள் இதைத் தனியாக எடுத்துப் படித்தாலும் புரிய வேண்டும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

‘ஓடை’ என்பது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிற மென்பொருள் சட்டகம். ஒரு கணினி ஒரே சமயத்தில் பல கருவிகளோடு பேச வேண்டியிருந்தால், ஒவ்வொன்றின் பதிலுக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல், பதில் வந்தபோது வாங்கிக்கொண்டு மற்ற வேலையைப் பார்ப்பதற்கு அது வழி செய்கிறது. பீங்கான் பட்டறைகள் நிறைந்த எங்கள் விருத்தாசலத்தில் இதை விளக்குவது சுலபம். சூளையில் பொருளை அடுக்கிக் கதவைச் சாத்திய ஆள், அது வேகும்வரை எதிரில் குந்திக்கொண்டிருக்க மாட்டார். அடுத்த அச்சில் களிமண் குழம்பை ஊற்றப் போய்விடுவார். சூளைக்கு அவர் தேவைப்படும்போது வருவார்.

இந்த ஓடையைச் சுற்றி ஒரு சிறு ஊரே இருக்கிறது. அந்த ஊருக்கு நான் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் செய்திக் கடிதம் எழுதினேன். புதிதாக என்ன சேர்ந்தது, எந்த நிறுவனம் ஓடையை எதற்குப் பயன்படுத்துகிறது, எங்கே வேலை காலி, எந்த ஊரில் சந்திப்பு, இவ்வளவுதான் சரக்கு. ஒரு முறை கல்யாணச் செய்தியும் வந்தது. மாப்பிள்ளை எழுதிய நிரலில் பெண் பிழை கண்டுபிடித்துத் திருத்தம் அனுப்பியிருந்தார். பழக்கம் அங்கே ஆரம்பித்தது. கல்யாணத்துக்குப் பிறகும் திருத்தம் வந்துகொண்டிருப்பதாக மாப்பிள்ளை எனக்கு எழுதினார். அதை நான் போடவில்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு பத்தி உண்டு. நீக்க அறிவிப்பு. ஓடையில் பழசாகிப்போன ஒரு பகுதியை எடுத்துவிட வேண்டுமென்று பராமரிப்பாளர்கள் நினைத்தால், தொடர்ந்து மூன்று கடிதங்களில் ‘இதை எடுக்கப்போகிறோம், யாராவது பயன்படுத்துகிறீர்களா?’ என்று கேட்க வேண்டும். எல்லாரும் பார்க்கும் இணையக் குழுவில் யாரும் வாய் திறக்காவிட்டால் எடுத்துவிடலாம். இது எனக்கும் முந்தைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. அது இல்லாவிட்டால் எந்த மென்பொருளும் பரண் மாதிரி ஆகிவிடும்.

மூன்று முறையும் கேட்டாகிவிட்டது. அன்றைய கடிதத்தில் முடிவை அறிவிக்க வேண்டும். எடுக்கப்போகிற பகுதி, சூடு, எடை போன்றவற்றைக் காட்டும் பழைய அளவுமானிகளைச் சீரியல் கம்பி வழியாகப் படிக்கும் ஒரு வாசிப்பான். தலைமைப் பராமரிப்பாளர் முரளி கோயம்புத்தூரிலிருந்து வாசகத்தையும் எழுதி அனுப்பிவிட்டார்: ‘மூன்று முறை அறிவித்தும் யாரும் ஆட்சேபிக்கவில்லை. அடுத்த பதிப்பிலிருந்து நீக்கப்படுகிறது.’

அதே கடிதத்தின் தலைப்புச் செய்தியும் முரளியைப் பற்றியதுதான். சென்னை நிறுவனம் ஒன்று, முரளி முழு நேரமும் ஓடையையே பார்த்துக்கொள்ளச் சம்பளம் கொடுக்க முன்வந்திருந்தது. ஆபீஸ் முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, அதற்கு மேல் ஓடையைப் பார்த்த மனிதர். எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். நிறுவனம் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: புதிய பதிப்பு பழைய சுமைகளை இறக்கிவைத்துவிட்டு வர வேண்டும். அவர்கள் தங்கள் அறிவிப்பை மாலை ஆறு மணிக்கு வெளியிடப்போகிறார்கள். எங்கள் கடிதமும் அப்போதே போக வேண்டும்.

எல்லாம் கிட்டத்தட்ட தயார். மதியத்துக்குள் முடித்துவிட்டுப் பலகாரத்துக்கு மாவு அரைக்கலாம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. ஆனால் ஒன்பது மணி வாக்கில் சட்னிக்கு மிக்சியைப் போட்டதும் டப்பென்று ஒரு சத்தம். வீடு இருண்டது. போய்ப் பார்த்தால் ஃபீஸ் கட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. எங்கள் தெரு வீடுகளில் இன்னும் அந்தப் பழைய பீங்கான் கட்டைகள்தான்.

ஃபீஸ் கட்டை வாங்க விருத்தாசலத்துக்காரர்கள் கடைக்குப் போவதில்லை. தெரிந்த பட்டறைக்குப் போவோம். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டையில் இருக்கும் பெனடிக்ட் பட்டறைக்குப் போனேன். பெனடிக்ட் என் கணவரோடு பள்ளியில் படித்தவர். ஃபீஸ் கட்டை, அகல் விளக்கு, கொலு சீசனில் பொம்மை என்று எல்லாம் செய்வார். அன்று கார்த்திகைக்கான அகல் விளக்குகள் சூளையில் வெந்துகொண்டிருந்தன.

“வாங்க மேடம். என்னா, போன்கூட பண்ணாம காலங்காத்தால? வூட்டுக்காரரு அடிச்சித் தொரத்திட்டாரா?”

“ஃபீஸ் கட்டை உடைஞ்சிடுச்சுங்க.”

“நம்ம கட்டையா? நம்ம கட்டை ஒடையாதே! எவன் கட்டையோ வாங்கிப் போட்டிருப்பான் அவன்.” என் கணவரைத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே நாலு கட்டைகளைப் பேப்பரில் சுற்றினார்.

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு சிறிய திரை இருந்தது. அதில் ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எண் மெல்ல மாறிக்கொண்டிருந்தது. திரையின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘ஓடை’ என்று இருந்தது. அத்தனை வருடம் ஓடையைப் பற்றி எழுதியவள் நான். என் வீட்டிலிருந்து ஸ்கூட்டி தூரத்தில் அது ஓடுவது எனக்குத் தெரியாது.

“இது என்னாங்க?”

“அதுவா? சூளைக்குக் காவல். என்னுது ஒண்ணு, இந்தப் பேட்டையில மத்தவங்களுது அஞ்சு. உள்ள சூடு சட்டுனு ஏறிச்சின்னாலும், எறங்கிச்சின்னாலும் நம்ம போனுக்கு அடிச்சிடும். போன மழையில கேஸ் அழுத்தம் கொறைஞ்சிப் போச்சு. நான் மாதா கோயில்ல பூசையில இருக்கேன், பாக்கெட்டுல கத்துது. ஃபாதரு என்னையே பாக்குறாரு. எழுந்து ஓடியாந்தேன். இல்லன்னா அந்தச் சூளை மொத்தமும் கல்லு.”

“யார் செஞ்சது?”

“கம்மாபுரத்துப் பொண்ணு ஒண்ணு. ஜெயந்தின்னு. இப்ப வரும், கம்பி ஒண்ணு மாத்தணும்னுச்சு.”

சொல்லி முடிப்பதற்குள் ஜெயந்தி வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் கருவிப் பை, தலையில் ஹெல்மெட். பெனடிக்ட் என் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்ததும் அவள் முகம் மாறியது. என்னைத் தெரிந்திருக்கிறது, ஆனால் இந்த இடத்தில் பார்க்க விரும்பவில்லை என்பது மாதிரி. கம்பியை மாற்றிவிட்டு, “மேடம், டீ சாப்பிடலாமா?” என்று என்னை வெளியே அழைத்துக்கொண்டு போனாள். பெனடிக்ட் பட்டறையிலேயே டீ கொதித்துக்கொண்டிருந்தது.

பேட்டை வாசல் டீக்கடையில் நின்றோம்.

“ஒங்க லெட்டரு ஒண்ணு விடாம படிக்கிறேன்க்கா,” என்றாள். மேடம் அதற்குள் அக்கா ஆகியிருந்தது. “அந்த வாசிப்பானத் தூக்கப் போறாங்கன்னு போட்டிருந்தீங்க இல்ல, அதுலதான் என் ஆறு சூளையும் ஓடுது. இங்க இருக்கிற மீட்டரு எல்லாம் பழசு. வேற எதுலயும் பேசாது.”

‘பழைய பதிப்பிலேயே இருந்துவிட்டுப் போகலாமே’ என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். புதிய பதிப்பு வந்த கையோடு பழையதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும். அவளுடைய கணினிகள் சூளையின் சூட்டைப் போனுக்குச் சொல்வதால் எப்போதும் இணையத்தில் நிற்கின்றன. பூட்டில்லாத கதவை வைத்துக்கொண்டு காவல் வேலை செய்ய முடியாது. எல்லாவற்றையும் மாற்றி எழுத அவளுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கார்த்திகை சீசன் முடிந்துவிடும்.

“அப்படின்னா ஏம்மா ஒரு வரி எழுதல? மூணு தடவை கேட்டிருக்கோமே.”

ஜெயந்தி டீயை ஊதினாள். “எழுதலாம்க்கா. எல்லாரும் பாக்குற எடத்துல, ‘எடுத்துட்டீங்கன்னா என் காவல் பொட்டி நின்னுடும்’னு எழுதணும். பாண்டிச்சேரிலேந்து ஒருத்தரு ரெடிமேட் பொட்டி விக்க வாரத்துக்கு ஒருக்கா பேட்டைக்கு வராரு. அவரும் அந்தக் குழுவுல இருக்காரு. நான் எழுதினத அப்படியே போன்ல காட்டுவாரு. ‘பாருங்க, அந்தப் பொண்ணே சொல்லுது, நின்னுடுமாம்’னு. ஆறு பேரும் போயிட்டா அப்புறம் வாசிப்பான் இருந்து என்னாக்கா, இல்லாம என்னா?”

“எழுதாம விட்டாலும் நிக்கத்தானே போகுது?”

“அது கொஞ்ச நாள் கழிச்சி. எழுதினா நாளைக்கே.” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “என் பேரு வரக் கூடாதுக்கா. தயவுசெஞ்சி.”

வரும் வழியெல்லாம் ஒன்றையே யோசித்தேன். மூன்று முறை கேட்டோம், பதில் இல்லை. அந்தப் பதிலின்மையை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். இது நம் மாதிரி ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. திறந்த இடத்தில் பேசிப் பேசியே வளர்ந்தவர்கள் நாம். ஒருவர் பேசவில்லை என்றால் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றே முடிவு கட்டிவிடுவோம். பேசினால் பிழைப்புப் போய்விடும் என்று ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்பது நமக்குத் தோன்றவே தோன்றாது.

வீட்டுக்கு வந்து கட்டையை மாற்றினேன். மின்சாரம் வந்தது. முரளியின் வாசகம் திரையில் அப்படியே நின்றது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

எனக்கு முன்னால் இந்தக் கடிதத்தை நடத்தியவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். பெயர் வேண்டாம், போட்டால் சண்டைக்கு வருவார். எனக்கு அவர் கற்றுக்கொடுத்தது மிகக் கொஞ்சம். அதிலும் பாதி அரைப்புள்ளியைப் பற்றியது. ஆனால் பொறுப்பை ஒப்படைத்த அன்று ஒன்று சொன்னார்: “‘யாரும் ஆட்சேபிக்கவில்லை’ என்று எழுதாதீர்கள். அது அவர்கள் மனதைப் பற்றிய செய்தி. ‘யாரும் எழுதவில்லை’ என்று எழுதுங்கள். அது நம் தபால்பெட்டியைப் பற்றிய செய்தி. நமக்குத் தெரிந்தது தபால்பெட்டி மட்டும்தான்.”

அதை அப்போது ஒரு நடைக் குறிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை அது வெறும் நடைக் குறிப்பாக இல்லை. ஒருத்தி என்னிடமே ஆட்சேபித்துவிட்டாள். அந்த வாக்கியத்தை வெளியிட்டால் அது பொய். மாற்றினால் ஏன் மாற்றினேன் என்று கேட்பார்கள். சொன்னால் அவள் கேட்டுக்கொண்டதை மீறுவேன்.

முரளியைக் கூப்பிட்டேன்.

“ஏனுங்க்கா, லெட்டர் ரெடிங்களா?”

“ரெடிதான். ஒரு வரி மட்டும் இடிக்குது. ‘ஆட்சேபிக்கவில்லை’ன்னு என்னால போட முடியாது.”

“ஏனுங்க்கா, யாராச்சும் மெயில் போட்டாங்களா?”

“மெயில் போடல. பயன்படுத்தறவங்க இருக்காங்க. நான் கண்ணால பார்த்தேன்.”

“யாருங்க?”

“சொல்ல முடியாது.”

“அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. மூணு தடவ கேட்டாச்சுங்க. பேரில்ல, ஊரில்ல, ‘ஒருத்தர் இருக்கறார்’னு சொன்னா நானென்னங்க பண்றது? நாளைக்கு ஒவ்வொருத்தரும் இப்படியே வந்து சொன்னா ஒரு ஆணியக்கூட நம்மளால புடுங்க முடியாதுங்க.”

அவர் சொன்னது நியாயம். இதை நான் உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன். இந்தக் கதையில் முரளி கெட்டவர் இல்லை. பல வருடம் இலவசமாக உழைத்தவருக்கு முதல் முறையாகச் சம்பளம் வரப்போகிறது. அதோடு, அந்த வாசிப்பானைக் கட்டி மேய்க்க ஆள் இல்லை என்பதும் உண்மை. அதில் வந்த பிழைகளையெல்லாம் அவர் ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முரளி, நான் உங்க முடிவை மாத்தச் சொல்லல. அது என் வேலை இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அதைப் பார்த்துக்க வேற ஆள் கெடைச்சா?”

“ஆள் கெடைச்சா என்னங்க்கா! ஓடையிலிருந்து தனியா எடுத்து வேணுங்கறவங்க மட்டும் எடுத்துக்கற மாதிரி ஒரு தனிப் பொட்டலமா வெச்சரலாமுங்க. எனக்கும் சுமை எறங்கும், கம்பெனிக்காரங்களுக்கும் ஓடை இளைச்ச மாதிரி இருக்கும். ஆனா ஆள் யாருங்க்கா வருவாங்க? அந்தப் பழைய மீட்டருகளோட மல்லுக்கட்ட யாருக்குங்க பொறுமை?”

“அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுங்க.”

“அஞ்சு மணிங்க. அதுக்கு மேல போனீங்கன்னா நான் கம்பெனிக்குப் பதில் சொல்லோணும்.”

நெருக்கடியில் நான் எப்போதும் செய்கிற ஒரு காரியம் உண்டு. அது உங்களுக்கும் உதவலாம். முடிவைப் பிறகு எடுப்பேன். முதலில் கடிதத்தின் அமைப்பை மேலிருந்து கீழ்வரை வெறுமனே பார்ப்பேன். தலைப்புச் செய்தி. புதிய சேர்க்கைகள். தொழில் செய்திகள். வேலை வாய்ப்பு. சந்திப்புகள். கடைசியில் நீக்க அறிவிப்பு. பார்த்துக்கொண்டே இருந்தபோது தோன்றியது: ஜெயந்தியை நான் தப்பான பத்தியில் வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீக்க அறிவிப்புக்குக் கீழே வந்தால் அவள் புகார் செய்கிறவள். அங்கே எது எழுதினாலும் பயந்துபோன ஆளின் குரலாகத்தான் கேட்கும். தொழில் செய்திகளில் வந்தால்? ஓடையை வைத்துப் பீங்கான் ஊரில் ஆறு சூளைகளுக்குக் காவல் போட்டிருக்கும் ஒருத்தி. எந்தச் சென்னை நிறுவனம் அனுப்பியிருந்தாலும் அதை நான் முதல் செய்தியாகப் போட்டிருப்பேன். கம்மாபுரத்திலிருந்து யாரும் அனுப்பவில்லை. அதனால் போடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெயந்தியைக் கூப்பிட்டேன்.

“மூணு வழி இருக்கும்மா. ஒண்ணு, நான் வாக்கியத்தை மட்டும் மாத்திட்டுச் சும்மா இருக்கறது. வாசிப்பான் போயிடும். ரெண்டு, பேர் போடாம ‘ஒரு பீங்கான் ஊரில்’னு எழுதறது.”

“பேரு போடலன்னாலும் தெரிஞ்சிடும்க்கா. இந்தப் பேட்டையில சூளைக்குக் காவல் போட்டது நான் ஒருத்திதான்.”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அது இருக்கறதுலயே மோசம். மூணு, பேர் போட்டு, தொழில் செய்தியில, முதல்ல. கூடவே, வாசிப்பானை இனி நீ பார்த்துக்கப் போறேன்னு சொல்லணும். பார்த்துக்கணும்னா நெஜமாவே பார்த்துக்கணும். யாரோ எந்த ஊர்லேந்தோ ‘வேலை செய்யல’ன்னு எழுதுவாங்க. பதில் போடணும்.”

பின்னால் யாரோ தட்டுத் தட்டாக விளக்கு அடுக்குகிற சத்தம்.

“பொட்டி நின்னுடும்னு பாண்டிச்சேரிக்காரரு சொல்லுவாரேக்கா.”

“சொல்லுவார். நீ அதுக்கு முந்தி உன் ஆளுங்ககிட்ட சொல்லிடு.”

“போயிட்டாங்கன்னா?”

போகமாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம், வாய்க்கு அது வந்தும் விட்டது. ஆனால் அது எனக்குத் தெரியாத செய்தி. “தெரியலம்மா. உன் பொழப்பு, நீதான் சொல்லணும். நீ வேணாம்னா நான் வாக்கியத்தை மட்டும் மாத்திட்டு வாயை மூடிக்குவேன்,” என்றேன்.

“பத்து நிமிஷம் குடுங்கக்கா,” என்று வைத்துவிட்டாள்.

பத்து நிமிஷம் முக்கால் மணி நேரமானது. முரளி இரண்டு முறை அழைத்தார். நான் எடுக்கவில்லை. எடுத்தால் சமாதானம் சொல்ல வேண்டும். சமாதானம் சொல்ல ஆரம்பித்தால் முடிவும் சொல்லிவிடுவோம். போன் மூன்றாம் முறை அடித்தபோது ஜெயந்தியின் எண். எடுத்ததும் கேட்டது பெனடிக்டின் குரல். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

“மேடம், இந்தப் பொண்ணு வந்து என்னென்னமோ சொல்லுது. ஓடைங்குது, வாசிப்பாங்குது. எனக்கு ஒரு எழவும் புரியல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பொட்டி நிக்குமா, நிக்காதா?”

“அதை ஜெயந்திகிட்டதான் கேட்கணும்.”

“கேட்டேன். ‘நான் பாத்துக்கிட்டா நிக்காது’ங்குது. பாத்துக்குவியான்னேன். ‘பாத்துக்குவேன்’ங்குது. அப்புறம் என்னாத்துக்கு மூஞ்ச இப்படி வெச்சிக்கிட்டு நிக்கிது?”

“பாண்டிச்சேரிக்காரர் உங்ககிட்ட வந்து…” என்று ஆரம்பித்தேன்.

“அந்தாளா! அந்தாளு பொட்டிக்கு ஏதாச்சும்னா அந்தாளுக்குப் போனு போட்டு, அவரு எடுத்து, ஆள அனுப்பி, அவன் பஸ்ஸு புடிச்சி வரதுக்குள்ள என் வெளக்கெல்லாம் வெடிச்சித் தூளாயிடும். இது கூப்புட்டா ஸ்கூட்டில வந்து நிக்கிது.” பிறகு குரலைத் தாழ்த்தினார், ஸ்பீக்கரில் தாழ்த்தி என்ன பயன். “ஆனா ஒண்ணு சொல்றேன் மேடம். எல்லாரும் என்னை மாரி இல்ல. ஒண்ணு ரெண்டு பேரு கேள்வி கேப்பாங்க. அதுக்கும் இது தயாரா இருக்கணும்.”

ஜெயந்தி போனை வாங்கினாள். ஸ்பீக்கரை அணைத்தாள் போலிருக்கிறது, பட்டறைச் சத்தம் குறைந்தது.

“போடுங்கக்கா,” என்றாள். “பேரோட போடுங்க. ஆனா, ‘நின்னுடும்’னு ஒரு வார்த்தை வரக் கூடாது. ‘இனிமே இத இவங்க பாத்துக்குறாங்க’ன்னு போடுங்க.”

“அதுதான் செய்தி,” என்றேன்.

முரளிக்குச் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. “நெஜமாலுமே ஆளுங்களா? உசுரோட?” என்று கேட்டார். ஜெயந்தியின் எண்ணைக் கொடுத்தேன். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஐந்து மணிக்கு முன்னால் முரளியிடமிருந்து புது வாசகம் வந்தது: வாசிப்பான் ஓடையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிப் பொட்டலமாகிறது, பொறுப்பு ஜெயந்தி. கீழே எனக்கென்று ஒரு வரி: ‘அந்தப் பொண்ணு மீட்டரப் பத்தி என்னையே கேள்வி கேட்டுக் கொன்னுட்டாங்கக்கா. சரியான ஆளுங்க.’

அதிலும் கடைசியில் ‘யாரும் ஆட்சேபிக்கவில்லை’ என்பது ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, பழக்க தோஷம். எடுத்துவிட்டு, ‘அறிவிப்புகளுக்குக் குழுவில் யாரும் எழுதவில்லை. பயன்படுத்துகிறவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதலாம். பெயர் வெளிவராது’ என்று சேர்த்தேன். இந்தக் கடைசி வாக்கியம் அதுவரை எங்கள் கடிதத்தில் இருந்ததில்லை. சேர்க்க யாரிடமும் அனுமதி கேட்கவும் இல்லை. கடிதம் சொன்ன நேரத்துக்குப் போயிற்று.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். முரளிக்கு அந்த வேலை கிடைத்தது, இன்னும் பார்க்கிறார். ஜெயந்தியின் ஆறு சூளைகளில் ஒன்று அந்தக் கார்த்திகை முடிந்ததும் பாண்டிச்சேரிப் பெட்டிக்கு மாறிவிட்டது. கடிதத்தைக் காட்டித்தான் அந்த விற்பனைக்காரர் பேசினாராம். ஆக, அவள் பயந்தது வெறும் பயம் இல்லை. நான் எழுதியதற்கு ஒரு விலை இருந்தது, அதைக் கொடுத்தது நான் இல்லை. பெயர் போட்டு எழுதும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஒரு பத்தி. அவர்களுக்கு அது ஒரு வாடிக்கைக்காரர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செய்தி நம்மைத் தேடி வரும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது என்று யாராவது உங்களுக்கு உபதேசம் செய்வார்கள். சரிதான். ஆனால் அன்றைக்கு நான் தேடிப் போகவில்லை. ஃபீஸ் போயிற்று, போனேன். அதனால் எனக்கு அதில் பெருமை எதுவும் இல்லை. அதற்குப் பிறகு தேடினேன், அது வேறு. கருவேப்பிலங்குறிச்சி, பெண்ணாடம், நெய்வேலி என்று எங்கே போனாலும் சுவரில் திரை இருந்தால் கிட்டே போய்க் கீழ் ஓரத்தைப் படிப்பேன். என் கணவர், “நீ கண் டாக்டரைப் பாரு” என்பார்.

கடிதம் போன மறுநாள், புதன்கிழமை. காலையில் முதல் வேலையாகத் தபால்பெட்டியைத் திறந்தேன். எனக்குத் தனியாக மூன்று கடிதங்கள் வந்திருந்தன. பெண்ணாடம் பக்கத்தில் கரும்பு வண்டி எடை போடும் இடத்திலிருந்து ஒன்று. திருப்பூரில் சாயப் பட்டறைக்காரர் ஒருவரிடமிருந்து ஒன்று. யாழ்ப்பாணத்தில் மீனவர்களுக்கு ஐஸ் தயாரிப்பவரிடமிருந்து ஒன்று. மூவரும் அதே வாசிப்பானைத்தான் வைத்திருக்கிறார்கள். மூவருமே அதுவரை ஒரு வரி எழுதியதில்லை. மூவருக்கும் இப்போது கேள்விகள் இருந்தன. ஐஸ்காரருக்கு முந்தின நாளிலிருந்தே ஏதோ கோளாறு.

பெயரோடு ஜெயந்திக்கு அனுப்பலாமா என்று மூவரையும் கேட்டு எழுதினேன். ஐஸ்காரர் உடனே சரி என்றார். மற்ற இருவரும் நான் பல் விளக்கி வருவதற்குள் சரி என்று பதில் போட்டுவிட்டார்கள். மூன்றையும் ஜெயந்திக்கு அனுப்பிவிட்டு, அவளைக் கூப்பிட்டேன்.

“அக்கா, இப்பதான் பாத்தேன்,” என்றாள். குரலில் தூக்கம் இன்னும் போகவில்லை. “மூணு பேராக்கா? ஒரே நாள்ல? மொதல்ல யாருக்குப் போடறது?”

“ஐஸ்காரருக்கு,” என்றேன். “மத்தவங்க காத்திருப்பாங்க. ஐஸ் காத்திருக்காது.”